கையில் சீட்டு, களஞ்சியத்தில் நெல் உண்டா?



"இடம் இருக்கிறதா?" என்று கேட்பது எளிது. யாரைக் கேட்பது என்பதில்தான் அறிவு இருக்கிறது. கணிப்பொறியிடம் இந்தக் கேள்வியைச் சி மொழியில் கேட்கப் போய் நான் கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பயில வந்த எனக்கு, எதையும் நெல்லை வைத்துச் சொன்னால்தான் விளங்கும். பல வயல்களின் நெல்லை ஒரே களஞ்சியத்தில் கொட்டி, மரக்காலால் அளந்து, வேண்டியவர்க்கு வேண்டியபடி கொடுப்பதில்லையா? அதுபோலப் பல டிஸ்குகளின் இடத்தை ஒன்றாகச் சேர்த்து, அளந்து பிரித்துத் தருவதே 'லாஜிகல் வால்யூம்' முறை. ஐ.பி.எம்.மின் ஏ.ஐ.எக்ஸில் இம்முறை 1990 முதலே உண்டு. சி நிரலிலிருந்து நேரே வினவும் வசதியும் அதில் உண்டு. லினக்ஸுக்கு இதனை 1998-இல் எழுதியவர் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன். அங்கே மரக்காலின் வழக்கமான அளவு 4 மெகாபைட்.

இதில் 'தின் பூல்' என்றொரு வகை உண்டு. களஞ்சியத்தில் ஆயிரம் கலமே இருக்க, ஆளுக்கு ஐந்நூறு கலம் என்று நால்வருக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பது போன்றது அது. எல்லாரும் ஒரே நாளில் வந்து கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை! வந்துவிட்டால்?

வந்துவிட்டார்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மதுரை அண்ணன் ஒருவர் ஐந்து நாளாக ஓடவிட்ட கணக்கு, ஆறாம் நாள் அதிகாலையில் நின்றது. அவருக்கு உதவித்தொகை முடிய இரண்டே மாதம். அவருடைய பங்கில் 300 கிகாபைட் காலியென்றே திரை காட்டிக்கொண்டிருந்தது. பொதுக் களஞ்சியமோ பிறர் எழுதியவற்றால் நிறைந்துவிட்டிருந்தது. அப்படி நிறைந்தால் லினக்ஸ் வழக்கமாக 60 நொடி பொறுத்திருக்கும்; பின்னர் எழுதுவதை மறுத்துவிடும். ஐந்து நாள் உழைப்பிற்கு அறுபது நொடி தவணை!

அண்ணனின் நிரல் இடத்தைக் கேளாமல் இல்லை. 'ஸ்டாட்-வி.எஃப்.எஸ்.' என்னும் செயற்கூற்றால் கேட்டுக்கொண்டேதான் இருந்தது. ஆனால் அது கோப்பு முறைமையைக் கேட்பது. அதாவது சீட்டைப் படிப்பது. களஞ்சியக் கணக்கப்பிள்ளையைக் கேட்க வேறு வழி வேண்டும்.

லினக்ஸிலும் இதற்கெனச் சி நூலகம் ஒன்று இருந்தது. 2018-இல் வந்த 2.03 பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். பழைய கையேட்டைக் கொண்டு அதைத் தேடுவோர், குடிபெயர்ந்தவர் வீட்டுக் கதவைத் தட்டுவோரே!

ஆகவே அண்ணனுக்காக நான் எழுதிய சிறு நிரல் நேர்வழியில் சென்றது. 'பி-ஓபன்' கொண்டு 'எல்.வி.எஸ்.' என்னும் ஆணையை இயக்கினேன். தலைப்பு வரிகளை நீக்கச் சொல்லி, 'டேட்டா பர்சென்ட்', 'மெட்டாடேட்டா பர்சென்ட்' என்ற இரண்டு எண்களை மட்டும் கேட்டேன். முதலாவது களஞ்சியம் எவ்வளவு நிறைந்தது என்பது; இரண்டாவது கணக்கேடு எவ்வளவு நிறைந்தது என்பது. ஏடு நிறைந்தாலும் வேலை நின்றுவிடும். அந்த ஆணைக்கு ரூட் உரிமை வேண்டும். நிர்வாகி அந்த ஓர் ஆணைக்கு மட்டும் இசைவு தந்தார். இரண்டில் ஒன்று 80 விழுக்காட்டைத் தாண்டினால், கணக்கு தன் நிலையைத் தனி டிஸ்கில் எழுதிவைத்துத் தானே நிற்கும். ஆணை தோற்றுப் பதில் வராவிட்டாலும் நிற்கும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாகாது அன்றோ?

அண்ணனின் கணக்கு மறுபடி ஓடியது. நான்காம் நாள் 80-ஐத் தொட்டு நின்றது. இடம் ஒழித்தபின், விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து முடிந்தது.

நம் பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில், 2022-இல் நிறுவிய பரம் பிரவேகா 3.3 பெட்டாஃப்ளாப் வேகம் உடையது. எத்துணை வேகமாகக் கணித்தாலும் விடையை வைக்க இடம் வேண்டும். நெடுங்கணக்குத் தொடங்கும் நண்பர்களே, சீட்டைப் பார்த்துத் துணியாதீர்கள். களஞ்சியத்தைக் கேட்டுத் துணியுங்கள்!