எம்.ஜி.பி. காரின் பெட்ரோல் டேங்க்: கழற்றலும் மாட்டலும்

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஸ்போர்ட்ஸ் கார் எம்.ஜி.பி. இதன் பெட்ரோல் டேங்க் டிக்கியின் தரைத் தகட்டுக்கு அடியில், அந்தத் தகட்டை ஒட்டினாற்போல் இருக்கிறது. தொடக்க கால வண்டிகளில் 10 காலன் டேங்கை இரண்டு இரும்புப் பட்டைகள் தாங்கின. 1965இல் 12 காலன் டேங்க் வந்தபோது பட்டைகள் போய், டேங்கின் விளிம்பையே போல்ட் போட்டு உடம்போடு முடுக்கும் முறை வந்தது. இன்று ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான்.

இந்த டேங்க் கெட்டுப்போகும் விதம் தெரிந்தால்தான் கழற்றும் வேலையின் அருமை புரியும். பொதுவாகப் பெட்ரோல் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கி உள்ளிருந்து துரு ஏறும். எம்.ஜி.பி.யில் துரு வெளியிலிருந்து, அதுவும் மேல் தகட்டில் ஏறுகிறது. டேங்குக்கும் டிக்கித் தரைக்கும் இடையிலான சிறு இடைவெளியில் சக்கரம் வாரியிறைக்கும் சேறும், குளிர்காலத்தில் பிரிட்டன் சாலைகளில் தூவப்படும் உப்பும் போய் அடைகின்றன. அதிராமல் இருக்க வைத்த பஞ்சுப் பட்டைகள் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் காயாமல் கிடக்கின்றன. கீழே படுத்துப் பார்ப்பவருக்கு டேங்க் பளிச்சென்று தெரியும். மேலே அது சல்லடையாகியிருக்கும். டேங்க் பாதி நிறைந்திருக்கும்வரை ஒழுகாது. நிரம்பப் பிடித்த அன்று மட்டும் டிக்கியில் பெட்ரோல் வாடை வீசும், இரண்டு நாளில் அது போய்விடும். உடனே ஹோஸைக் குற்றம் சொல்லி அதை மாற்றுகிறார்கள். அடுத்த முறை நிரப்பும்போது வாடை திரும்ப வருகிறது. நிரப்பினால் மட்டும் வாடை வருகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மேல் தகட்டைத்தான். அதைப் பார்க்க டேங்கை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலை தொடங்குமுன் பெட்ரோல் ஆவியைப் பற்றி ஒரு வார்த்தை. அது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சர்வீஸ் குழியின் மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யவே கூடாது. திறந்த வெளியோ, கதவெல்லாம் திறந்த பட்டறையோ வேண்டும். முதலில் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். 1967வரையிலான வண்டிகளில் பாசிட்டிவ் முனை உடம்போடு சேர்ந்தது, அதற்குப் பின் நெகட்டிவ். எதுவானாலும் உடம்போடு சேர்ந்த ஒயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அப்போது ஸ்பானர் தவறி உடம்பில் பட்டாலும் பொறி பறக்காது.

12 காலன் என்பது ஏறக்குறைய 54 லிட்டர். முழு டேங்கில் பெட்ரோல் மட்டுமே நாற்பது கிலோ கனக்கும். எனவே முடிந்தவரை ஓட்டித் தீர்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. வடிகால் திருகு உள்ள டேங்கில் அதைத் திறந்து விடலாம். இல்லாததில் கைப்பம்பு போட்டு உறிஞ்ச வேண்டும். பிடிக்கும் பாத்திரம் உலோகமாக, தரையில் வைத்ததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் வாளியில் பெட்ரோல் விழும்போது நிலைமின்சாரம் சேரும். அதன் பொறி ஒன்றே போதும்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளில் உட்கார வைத்த பிறகு இணைப்புகளைப் பிரிக்கலாம். பெட்ரோல் ஊற்றும் கழுத்துக் குழாயின் ரப்பர் ஹோஸ் பல வருடம் இறுகிப் போயிருக்கும். அதைத் திருகி இழுத்து டேங்கின் வாயைக் கோணலாக்குவதைவிடக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்துவிடுவதே மேல். புது ஹோஸ் எப்படியும் போடத்தான் போகிறோம். பம்புக்குப் போகும் குழாயைக் கழற்றும்போது இரண்டு ஸ்பானர் வேண்டும், ஒன்று டேங்க் பக்கத்து நட்டைப் பிடித்துக்கொள்ள. ஒரே ஸ்பானரில் முயன்றால் குழாய் முறுக்கிக்கொள்ளும். பெட்ரோல் அளவைக் காட்டும் சென்டர் யூனிட், டேங்கின் வலப்பக்கச் சுவரில் இருக்கிறது. அதில் வரும் பச்சையில் கறுப்புக் கோடு போட்ட ஒயர் டேஷ்போர்டு மீட்டருக்குப் போவது, முழுக் கறுப்பு எர்த். 1970க்குப் பின் அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்கான கூடுதல் ஹோஸ்களும் உண்டு. அவற்றில் அடையாளச் சீட்டு கட்டிவிட்டுப் பிரிப்பது நல்லது.

போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைக்க வேண்டும். சூடு காட்டி இளக்குவது மற்ற இடங்களில் நல்ல வழி. இங்கே நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. டேங்குக்கு அடியில் பலகை வைத்த ஜாக்கியை முட்டுக் கொடுத்து, கடைசி நட்டுகளை எடுத்ததும் மெதுவாக இறக்கலாம். சில சமயம் எல்லா நட்டும் கழன்ற பிறகும் டேங்க் அசையாது. பழைய பஞ்சும் தாரும் அதை டிக்கித் தரையோடு ஒட்டவைத்திருக்கும். மரக்கட்டையால் விளிம்பை நெம்பினால் விட்டுவிடும்.

இறக்கியதும் மேல் தகட்டிலுள்ள சேற்றைப் பித்தளை பிரஷ் போட்டுச் சுரண்ட வேண்டும். பஞ்சுப் பட்டை இருந்த இடத்தில் துரு அடுக்கடுக்காக உரியும். உரிந்த இடத்தைக் கூர்மையான ஒன்றால் அழுத்தினால் நல்ல தகடு எதிர்த்து நிற்கும், கெட்டது உள்வாங்கும். ஓரிடத்தில் உள்வாங்கினாலே அந்த டேங்க் முடிந்தது. அதன்மேல் வெல்டிங் வைப்பது உயிரோடு விளையாடுவது. காலியான டேங்க் நிரம்பியதைவிட ஆபத்தானது, ஏனென்றால் மிஞ்சிய பெட்ரோல் காற்றோடு கலந்து வெடிக்கும் அளவில் உள்ளே நிற்கிறது. உள்ளே ஊற்றி உறையவைக்கும் பூச்சுகளையும் பலர் நம்புகிறார்கள். அழுக்கும் துருவும் முழுக்கப் போகாத தகட்டில் அந்தப் பூச்சு ஒட்டுவதில்லை. சில வருடத்தில் தோலாக உரிந்து பம்பின் வலையை அடைத்துவிடுகிறது. எம்.ஜி.பி.க்குப் புது டேங்க் இன்றும் செய்து விற்கிறார்கள். அதை வாங்குவதுதான் சரி.

டேங்க் வெளியே இருக்கும் நேரத்தில்தான் டிக்கித் தரையின் அடிப்பக்கம் கண்ணில் படும். துருவைச் சுரண்டி, பிரைமரும் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காயவிட வேண்டும். புது டேங்கின் மேல் தகட்டுக்கும் பெயின்ட் அடித்து, அதன்மேல் மெழுகுப் பூச்சு கொடுத்தால் நீண்ட நாள் உழைக்கும். தண்ணீர் குடிக்கும் பஞ்சை மறுபடி வைக்காமல், நீர் புகாத ரப்பர் பட்டைகளை ஒட்ட வேண்டும். இந்த ஒரு மாற்றம் பழைய கோளாறின் வேரையே அறுக்கிறது.

அடுத்து, பழைய டேங்கின் சென்டர் யூனிட்டைப் புதியதற்கு மாற்ற வேண்டும். அதைப் பூட்டும் வளையத்தை இடஞ்சுழியாகத் தட்டினால் கழலும். தட்டுவதற்குப் பித்தளைக் கம்பி, இரும்பு வேண்டாம். யூனிட்டின் மிதவையான ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பார்க்கலாம். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை. மல்டிமீட்டரை இணைத்து, ஃப்ளோட்டின் கையை மெல்ல மேலும் கீழும் நகர்த்தினால் மின்தடை விட்டுவிட்டுத் தாவாமல் ஒழுங்காக மாற வேண்டும். ரப்பர் சீலைப் புதிதாகவே போட வேண்டும். யூனிட் பக்கச் சுவரில் இருப்பதால் டேங்க் முழுக்க நிரம்பாதபோதும் பழைய சீல் கசியும். ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையில் வாங்குவது அவசியம். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். அறுபதுகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மாட்டுவது கழற்றியதற்கு நேர்மாறான வரிசை. ஆனால் டேங்க் மேலே ஏறிய பின் கை எட்டாத இணைப்புகளைக் கீழே இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். எல்லா நட்டையும் கையால் சில சுற்று ஏற்றிய பிறகே ஸ்பானரை எடுக்க வேண்டும். ஒரு மூலையை முதலில் இறுக்கிவிட்டால் எதிர்மூலை போல்ட் துளைக்கு நேரே நிற்காது. கழுத்துக் குழாயை டேங்கோடு சேர்த்த பிறகே அதன் கிளாம்புகளை இறுக்கலாம்.

முதலில் ஐந்து லிட்டர் ஊற்றி, பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பினால் எஸ்.யூ. மின்பம்பு டிக் டிக் என்று வேகமாக அடிக்கும். கார்ப்புரேட்டர் கிண்ணங்கள் நிரம்பியதும் அது தளர்ந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ காற்று இழுக்கிறது அல்லது பெட்ரோல் கசிகிறது. சாவியை அணைத்து இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இது சரியாக இருந்தாலும் வேலை முடிந்ததாகாது. கழுத்து இணைப்பு அரை டேங்கில் சோதனைக்கு வருவதே இல்லை. வாய்வரை நிரப்பி, ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் டிக்கியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.