பெரிய பள்ளியில் ஒரு கணக்கு

2018ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில், என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கேட்பதற்காகச் சென்னை சென்றிருந்தேன். இடம் கேட்க என்று சொல்வது முழு உண்மையன்று. கணிதந்தான் படிப்பேன் என்பது அவள் பிடிவாதம். பட்டணத்து இரைச்சலை ஒருமுறை கண்டால் தானே மருண்டு திரும்பிவிடுவாள் என்பது என் உள்ளெண்ணம்.

நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் தேனாம்பேட்டையில் தோன்றிய மகளிர் கல்லூரியில் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு, திருவல்லிக்கேணியிலுள்ள என் தங்கை வீட்டுக்குப் பேருந்தில் போனோம். மகள் மருளவில்லை. நடத்துநரிடம் சில்லறைக் கணக்கில் பிழை கண்டுபிடித்தாள். ஜாம்பஜாரில் சமோசா பொரியும் மணம் நோன்பாளியான எனக்குத்தான் சோதனையாயிற்று.

அஸருக்குப் பின் வாலாஜா பள்ளிக்குச் சென்றோம். நவாப் முகம்மது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795இல் எழுப்பிய பெரிய பள்ளி அது. 1972இல் மறைந்த காயிதே மில்லத் அவர்கள் துயில்வது அங்கேதான். ஜியாரத் முடித்து, மற்றோர் அடக்கத்தலத்தைத் தேடினேன். லக்னோவில் பிறந்து, நவாபின் அழைப்பையேற்றுச் சென்னை வந்து, 1810இல் மறைந்த ‘பஹ்ருல் உலூம்’ அப்துல் அலி மௌலானாவின் கப்ரு. அவருடைய தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் வகுத்த பாடத்திட்டத்தைத்தான் நான் ஓதினேன், ஓதிக்கொடுக்கவும் செய்கிறேன். அத்திட்டத்தில் ஹிஸாபும் யூக்ளிடின் வடிவியலும் இருந்தன. எங்கள் மதரஸாவில் அவை எப்போது கைவிடப்பட்டன என்று நான் கேட்டதேயில்லை. அங்கு நின்றபோது அது உறுத்தியது.

மகளையும் தங்கையையும் வெளிமுற்றத்தில் இருத்திவிட்டு உள்ளே சென்றேன். பள்ளியின் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு அங்குள்ளது. இயற்றியவர் ராஜா மக்கன்லால் கிரத். நவாபிடம் பணிபுரிந்த, பாரசீகத்தில் வல்ல இந்துப் பெருமகனார். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் கொள்ளும் அப்ஜத் முறையில், ‘திக்ருல்லாஹி அக்பர்’ என்னும் தொடருக்குள் ஆண்டைப் பொதிந்து வைத்தார்.

வெளியே வந்து மகளிடம் கூறினேன். எழுத்துகளின் மதிப்பை மட்டும் சொல்லச் சொன்னாள். தால் 700, காஃப் 20, ரா 200 என்று தொடங்கி முழுவதும் சொல்லிவிட்டு நான் விரல் மடித்துக்கொண்டிருக்கையிலேயே, “திக்ர் 920, அல்லாஹ் 66, அக்பர் 223. ஆக 1209. சரியா அத்தா?” என்றாள். சரிதான். ஹிஜ்ரி 1209.

மஃரிபு நெருங்கியது. பிரிவினைக்குப் பின் சிந்துவிலிருந்து வந்து குடியேறிய இந்து அன்பர்களின் சூபிதார் அமைப்பினர், தலையில் தொப்பியணிந்து வரிசை வரிசையாகக் கஞ்சி பரிமாறினார்கள். பல ஆண்டுகளாக நடந்துவரும் தொண்டு. மக்கன்லாலின் நினைவு வந்தது.

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “இது 1439. நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டுக்கும் ஒரு தொடர் எழுதித் தருவீர்களா, அத்தா?”

‘சேர்ந்தால்’ என்று அவள் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை. மறுநாள் காலை விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன்.

அவள் பட்டம் பெற்று, இன்று தானும் கணித ஆசிரியையாக இருக்கிறாள். நான் வாக்களித்த தொடர் இன்னும் அமையவில்லை. கடைசியாக எழுதிப் பார்த்ததில் நான்கு குறைகிறது.