கோவிந்தா, கோபாலா

புதுக்கடையிலிருந்து முன்சிறைக்கு நடந்தே போய்விடலாம். அங்குள்ள திருமலை மகாதேவர் கோயிலில்தான் சிவாலய ஓட்டம் ஆரம்பம். மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் புறப்பட்டு, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று வரிசையாகத் தொழுது, பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் போய் நிற்க வேண்டும். தூரம் நூறு கிலோமீட்டருக்கு மேல். உலகம் மெச்சுகிற மாரத்தான் ஓட்டம் 42 கிலோமீட்டரும் சொச்சமும்தான்!

இத்தனை தூரத்துக்கு எங்கள் ஊர்க்காரர்கள் செய்துகொள்ளும் அப்பியாசம் என்னவென்று கேட்டால் சிரிப்பார்கள். மாலை போட்டுச் சில நாள் விரதம் இருப்பார்கள். காவி வேட்டி, பனையோலை விசிறி, ஒரு சின்னப் பை. அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. கல்லூரியில் ஓடிப் பரிசு வாங்கியவன் அல்லவா? சுவரில் ஒரு கால அட்டவணை ஒட்டினேன். விடியற்காலையில் தேங்காய்ப்பட்டணம் வரை ஓடித் திரும்பினேன். எந்தக் கோயிலில் எத்தனை மணிக்கு இருக்க வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது.

பக்கத்து வீட்டு மாமா பனையேறி. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். அட்டவணையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். வருஷா வருஷம் ஓடுகிறவர்.

புறப்பட்டதும் கூட்டத்தைப் பின்னால் விட்டேன். எல்லோரும் "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு வந்தார்கள். நான் கூவவில்லை. பாதி கூச்சம்; பாதி, மூச்சை வீணாக்குவானேன் என்ற கெட்டிக்காரத்தனம். வழியில் கொடுத்த பானகத்தையும் சுக்கு நீரையும்கூட நேரமாகிறதென்று மறுத்தேன். திற்பரப்பில் அட்டவணைக்கு முக்கால் மணி முந்திவிட்டேன். பொன்மனைக்குப் போகும் வழியில், ரப்பர் மரங்களின் இருட்டில், இரண்டு காலும் மரக்கட்டையாகிவிட்டன. உட்கார்ந்தேன். கூட்டம் கூவிக்கொண்டே என்னைத் தாண்டிப் போயிற்று.

மாமா மட்டும் நின்றார்.

"மக்கா, வாயப் பொத்திக்கிட்டு ஏன் ஓடுதே? கூப்பிட்டுக்கிட்டே வா. கூப்பிட முடியலேன்னா காலை மெதுவா வை."

இன்றைக்கு ஓட்டம் கற்பிக்கிறவர்களும், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகந்தான் நெடுந்தூரத்துக்கு ஏற்றது என்கிறார்கள். கதையிலும் அப்படித்தான். சிவபக்தனான புருஷாமிருகம் துரத்த, பீமன் விஷ்ணு நாமத்தைக் கூவிக்கொண்டே ஓடினான். பிடிபடும்போதெல்லாம் ஒரு ருத்திராட்சத்தைப் போட, அது லிங்கமாயிற்று. மிருகம் நின்று பூஜித்தது. பீமனுக்கும் சற்று மூச்சு வாங்க நேரம் கிடைத்திருக்கும். நாங்களும் ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு சாமிக்கு விசிறிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். என் அட்டவணையில் அதற்கு ஐந்து நிமிஷம் ஒதுக்கியிருந்தேன்!

கல்குளத்தோடு அந்த வருஷம் பஸ் ஏறினேன். மறுநாள் மாமா திருநட்டாலத்துத் திருநீற்றை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, என்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போனார். அதுதான் அதிகம் சுட்டது.

இப்போது மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பன்னிரண்டையும் தரிசித்து வருகிறவர்கள் அதிகம். குற்றமில்லை, கோவிந்தனைக் கூப்பிட அவர்களுக்கு மூச்சுத் தட்டுப்பாடே கிடையாது.

அடுத்த வருஷம் அட்டவணை இல்லை. கடைக்கும் ஆற்றுக்கும் நடந்தேன். தோன்றிய அன்று ஓடினேன். மாமா வரவில்லை, முழங்கால் வீங்கியிருந்தது. தம் விசிறியை என்னிடம் கொடுத்தனுப்பினார். திருநட்டாலம் போய்த் திரும்பி அதைத் திருப்பிக் கொடுத்தபோது, எத்தனை மணியாயிற்று என்று அவர் கேட்கவில்லை.

"தொண்டை கட்டிச்சா?" என்றார்.

பதில் சொல்லக் குரல் வரவில்லை. தலையை ஆட்டினேன்.