வெள்ளலூர்: குப்பைக் கிடங்குக்கு அப்பால் ஒரு குளம்

கோயம்புத்தூரில் யாரிடம் வெள்ளலூர் என்று சொன்னாலும் முதலில் மூக்கைச் சுளிப்பார்கள். மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு அங்கேதான் இருக்கிறது. சுமார் 650 ஏக்கர் நிலம். நகரம் ஒரு நாளில் கழிக்கும் ஆயிரம் டன் அளவிலான குப்பைக்கு அதுதான் போக்கிடம். கோடையில் கிடங்கு தீப்பிடித்தால் புகை போத்தனூர் வரை போகும். காற்று திசை மாறினால் கோணவாய்க்கால்பாளையத்தில் ஜன்னலைத் திறக்க முடியாது. பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போன பிறகும் லாரிகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. போதாக்குறைக்கு, நகரத்துக்கே பொதுவான பேருந்து நிலையம் வருகிறது என்று 2020-இல் தொடங்கிய கட்டுமானமும் பாதியில் நின்றுபோனது. வேண்டாததைத் தள்ளிவிடவும் முடியாததை விட்டுவைக்கவும் நகரத்துக்கு வாய்த்த புறக்கடை வெள்ளலூர்தான் என்று அந்த ஊர்க்காரர்கள் குறைப்பட்டால் மறுத்துப் பேச ஒன்றுமில்லை.

ஆனால் கோவை என்ற நகரம் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே பெரிய இடமாக இருந்தது இந்த ஊர். 1842, 1891, 1931 ஆகிய ஆண்டுகளில் இங்கே மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய வெள்ளிக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்துக் காசுகள். மேற்குக் கடற்கரையில் முசிறியில் இறங்கிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக உள்ளே நுழைந்து, நொய்யல் ஆற்றின் ஓரமாகவே கிழக்கே கொடுமணல் நோக்கிப் போனது. அந்தப் பெருவழியில் வெள்ளலூர் ஒரு நிறுத்தம். ஆற்றோரமாகப் போகும் வணிகனுக்குக் குடிக்கத் தண்ணீரும் மாட்டுக்குப் புல்லும் கிடைக்கும் இடத்தில்தானே சாவடி அமையும்? காசு கிடைத்த கதையைச் சொல்பவர்கள் ஆற்றை விட்டுவிட்டுச் சொல்வது எனக்கு எப்போதும் விசித்திரமாகப் படும்.

அந்த நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. வழி நெடுக இருபதுக்கும் மேற்பட்ட அணைக்கட்டுகள். பெயர்தான் அணைக்கட்டு, ஆற்றுக்குக் குறுக்கே இடுப்பளவு, ஆளுயரக் கல்சுவர்கள்தான். வெள்ளம் வரும்போது ஒரு பங்கைப் பக்கவாட்டில் திருப்பி, வாய்க்கால் வழியாகக் குளத்துக்கு அனுப்பும். மிச்சம் சுவரைத் தாண்டிக் கீழே போகும். சித்திரைச்சாவடியில் தொடங்கி குனியமுத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று ஒவ்வோர் அணைக்கட்டுக்கும் ஒரு வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் குளம். மேலே நிரம்பியது போகக் கீழே. மழை குறைந்த இந்த மண்ணில் வெள்ளாமை நடந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

வெள்ளலூர்க் குளம் ஏறத்தாழ 90 ஏக்கர். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அது குளமாக இருக்கவில்லை. பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சொட்டுத் தண்ணீர் சேரவில்லை. உள்ளே சீமைக் கருவேலம் காடாக மண்டிக் கிடந்தது. மழை இல்லாததால் வறண்டது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஆற்றில் வெள்ளம் போன வருடங்களிலும் குளம் காய்ந்தே கிடந்ததற்கு அந்தப் பதில் பொருந்தாது. வாய்க்கால் அடைபட்டிருந்தது. கரையோரம் வீடுகள் ஏறி, வண்டல் மேடிட்டு, குப்பை நிறைந்து, எது வாய்க்கால் எது தெரு என்றே தெரியாத நிலை.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கோவைக் குளங்களெல்லாம் தரை தெரியக் கிடந்தபோது, சில இளைஞர்கள் சேர்ந்து பேரூர்ப் பெரியகுளத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கருவேலம் வெட்டவும் குப்பை அள்ளவும் தொடங்கினார்கள். அப்படி உருவானதுதான் கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பு. நொய்யலுக்காக 2003-லேயே தொடங்கிய சிறுதுளி போன்ற அமைப்புகள் தொழில் நிறுவனங்களின் துணையோடு பெரிய அளவில் வேலை செய்து வந்தன. இவர்களுடையது வேறு வகை. வாரம் ஒரு காலை, வருகிறவர்கள் வரலாம், மண்வெட்டி இங்கே இருக்கிறது, அவ்வளவுதான் ஏற்பாடு. கல்லூரி மாணவர்கள், ஐ.டி. ஊழியர்கள், பட்டறைத் தொழிலாளிகள், பிள்ளைகளைக் கூட்டி வரும் குடும்பங்கள்.

பேரூரிலிருந்து அவர்கள் பார்வை வெள்ளலூருக்குத் திரும்பியது. குளத்துக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது கண்ணுக்குத் தெரியும் வேலை, படம் பிடிக்கவும் நன்றாக இருக்கும். இவர்கள் குளத்தை விட்டுவிட்டு அணைக்கட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலுள்ள ராஜவாய்க்காலில் கை வைத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த அமைப்பு எடுத்த ஆகச் சிறந்த முடிவு அதுதான்.

நகரத்து வாய்க்காலைத் தூர்வாருவது என்றால் என்ன என்று அருகில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதல் அடுக்கு பிளாஸ்டிக் பை. அதைக் கையால் இழுத்தால் வராது. அடியில் சேற்றுக்குள் வேர் போலப் பின்னிக் கிடக்கும். கடப்பாரையால் நெம்பி, இரண்டு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்குக் கீழே பழைய மெத்தை, தண்ணீர் குடித்து ஆள் கனம் கனக்கும். பிறகு துணி மூட்டை, டயர், தெர்மாகோல், இடித்த வீட்டின் செங்கல். இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் கருத்த வண்டல் வரும், அதன் நாற்றத்தோடு. சட்டியில் அள்ளி வரிசையாகக் கை மாற்றி மேலே ஏற்றுவார்கள். "அண்ணா, பாதி போதுங்க, நிறையப் போட்டா மேல ஏறாதுங்க" என்ற குரல் வரிசையின் நடுவிலிருந்து வரும். பத்து மணி வெயில் ஏறும்போது சுத்தமான வாய்க்கால் சில அடிதான் நீண்டிருக்கும். பெரிய அடைப்புகளுக்குப் பொக்லைன் வந்தது. ஆக்கிரமிப்புகளை அகற்ற அரசு வர வேண்டியிருந்தது. வாய்க்கால் நீர்வளத்துறைக்குச் சொந்தம், தன்னார்வலர்களுக்கு அங்கே அனுமதி உண்டே தவிர அதிகாரம் இல்லை. அந்தப் பொறுமையையும் அவர்கள் பழகிக்கொண்டார்கள்.

2017-இல் ஆற்றில் தண்ணீர் வந்தபோது குளத்துக்கும் தண்ணீர் வந்தது. அந்த ஊரில் வளர்ந்த பல பிள்ளைகள் தங்கள் குளத்தில் தண்ணீரைப் பார்த்தது அதுவே முதல் முறை. சுற்று வட்டாரக் கிணறுகளும் ஆழ்குழாய்களும் ஊறத் தொடங்கின.

தண்ணீர் நின்றதும் கரையைப் பிடித்துக்கொள்ள மரம் வேண்டுமே. ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறைப்படி நாட்டு மரக்கன்றுகளை நெருக்கமாக நட்டுக் கரையோரம் ஒரு காட்டை வளர்த்தார்கள். நெருக்கி நட்டால் கன்றுகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு விறுவிறுவென்று மேலே போகும். இப்படி நட்டதற்குப் பெயர் காடு ஆகிவிடுமா என்று எனக்குள்ளும் சந்தேகம் உண்டு. ஆனால் வண்ணத்துப்பூச்சிகள் அந்த விவாதத்துக்குக் காத்திருக்கவில்லை. ஆர்வலர்கள் எடுத்த கணக்கில் நூறு வகைக்கு மேல் இங்கே பதிவாகியிருக்கின்றன. குளக்கரையில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் அமைந்தது.

அங்கே போகிறவர்கள் பூவைவிடக் களையைக் கவனிப்பது நல்லது. எருக்கஞ்செடியின் இலையைத் திருப்பிப் பார்த்தால், கறுப்பும் மஞ்சளும் வெள்ளையும் வளையமிட்ட புழு ஒன்று ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வரும். அதுதான் பிறகு வெந்தய வரியனாகிப் பறக்கப்போவது. எருக்கம்பாலின் நஞ்சை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். கிலுகிலுப்பைச் செடி காய்ந்து கிடந்தால் இன்னும் வேடிக்கை. வரியன் இனத்து ஆண்கள் கூட்டமாக வந்து மொய்த்து, அதிலுள்ள சாற்றை உறிஞ்சும். பெண்ணை ஈர்க்கும் வாசனைக்கு மூலப்பொருள் அதில் இருக்கிறது. பூங்கா என்றதும் செம்பருத்தி வரிசையும் செயற்கைப் புல்லும் நடுகிறவர்கள் இந்த எருக்கையும் கிலுகிலுப்பையையும் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் முறையாகாது. வெள்ளலூருக்கு வந்து சேரும் நொய்யல் நகரத்தின் சாக்கடையைச் சுமந்துதான் வருகிறது. மழைக்காலத்து முதல் வெள்ளம் தவிர மற்ற மாதங்களில் ஆற்றில் ஓடுவதில் பெரும்பங்கு கழிவுநீர். வாய்க்காலைத் திறந்தால் அதுவும்தான் வரும். தண்ணீரில் ஊட்டம் கூடினால் ஆகாயத்தாமரை பரவும்; அள்ளினாலும் மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் வாய்க்காலைத் திறக்கலாம், பாதாளச் சாக்கடை போட முடியாது. மறுபக்கத்தில் குப்பைக் கிடங்கு அப்படியே இருக்கிறது. பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை ஒருபுறம், புதுக் குப்பை வந்து விழுவது மறுபுறம். சாக்கடைக்கும் குப்பைக்கும் பொறுப்பு மாநகராட்சியும் அரசும்தான். ஞாயிற்றுக்கிழமை வரும் இளைஞர்களைப் பாராட்டிக் கேடயம் கொடுப்பது அந்தப் பொறுப்புக்கு ஈடாகாது.

வெள்ளலூருக்கு சிங்காநல்லூர் வழியாகவும் போத்தனூர் வழியாகவும் வரலாம். ஊருக்குள் தேனீஸ்வரர் கோயில் பழமையானது, முதலில் அதைப் பார்த்துவிட்டுக் குளக்கரைக்குப் போகலாம். வண்ணத்துப்பூச்சி பார்க்க வேண்டுமென்றால் மழை விட்ட பிறகு வரும் நாட்களில், வெயில் ஏறிய எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வர வேண்டும். விடியற்காலையில் அவை பறக்காது. வேலை செய்ய வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்துவிட வேண்டும். பழைய சட்டை, மூடிய செருப்பு, குடிக்கத் தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டில் மட்டும் வேண்டாம்.