கப்பலில் தனிப் பந்தி

"ஏம்மா, டிக்கெட்லயே சாப்பாடும் சேத்திதான்னு உன் தம்பி சொன்னானே? இப்ப இந்தப் பிள்ள எதுக்குச் சாப்பாட்டுக்குத் தனியா துட்டு கேக்குது?"

கப்பலில் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அத்தை கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. பஃபே கூடத்தின் வாசலில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு சிரித்த முகமாக ஒரு பெண் நின்றிருந்தாள். கையில் வழவழப்பான அட்டை. "இத்தாலியச் சாப்பாடு, ஜப்பானியச் சாப்பாடு, இன்றைக்கே பதிவு செய்தால் தள்ளுபடி" என்று ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினாள். இவர் அட்டையை வாங்கி விலையைப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கல்யாண வீட்டில் பந்திக்குப் போகும்போது, "பக்கத்து அறையில் இன்னொரு பந்தி நடக்கிறது, அதற்கு மட்டும் டிக்கெட்" என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? எங்களுக்கு அப்படித்தான் இருந்தது.

முதலில் பயணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2024 டிசம்பரில் பிள்ளைகளுக்கு அரையாண்டு விடுமுறை. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. "அவ்வளவு தூரம் வர்றீங்க, அப்படியே நாலு ராத்திரி கப்பல்லயும் போயிட்டு வந்துடுங்கக்கா" என்றான் அவன். இரண்டு வருடமாகக் கட்டி வந்த சீட்டுப் பணம் கையில் இருந்தது. நான், இவர், பதினோரு வயது மகன், ஏழு வயது மகள், அத்தை என்று பாளையங்கோட்டையிலிருந்து ஐந்து பேர் கிளம்பினோம். அத்தை பாசத்தோடு இடித்துக் கொண்டுவந்த பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் தம்பி வீட்டோடு நின்றுவிட்டன. வீட்டில் செய்த பண்டங்களைக் கப்பலுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லையாம்.

மரீனா பே துறையிலிருந்து சாயங்காலம் கப்பல் கிளம்பியது. கப்பலா அது? ஒரு டவுனையே தூக்கி மிதக்க விட்டது மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் பினாங்கு, மூன்றாம் நாள் புக்கெட், நான்காம் நாள் முழுக்கக் கடலில், ஐந்தாம் நாள் காலை திரும்பவும் சிங்கப்பூர்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். டிக்கெட்டில் சேர்ந்தது இரண்டு பெரிய இடம். ஒன்று மேல் தளத்தில் நாமே தட்டில் எடுத்துக்கொள்ளும் பஃபே. இன்னொன்று கீழே, வெள்ளைத் துணி விரித்த மேஜைகளும் தொங்கும் விளக்குகளுமாக, பெரிய சாப்பாட்டுக் கூடம். அங்கே உட்கார வைத்துப் பரிமாறுவார்கள். எங்களுக்கு மாலை ஆறு மணிப் பந்தி. அத்தைக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். ஆகவே ஆறு மணி மிகவும் வசதியாகப் போயிற்று.

இவை போக, தனிக் கட்டண அறைகள். முதல் நாள் ராத்திரி இவர் அட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்து, பில் எழுதும் கடைக்காரர் மாதிரி கணக்குப் போட்டார். பெரியவர்களுக்கு ஆளுக்கு 40 டாலர், குழந்தைக்கு 15 டாலர். அதன் மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம். ஐந்து பேருக்கும் சேர்த்து 177 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய 15,000 ரூபாய். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு!

"அங்க சாப்பிட்டா, இங்க சாப்பிடாத சாப்பாட்டுக் காசைக் கழிச்சுக் குடுப்பானா?" என்று கேட்டார் இவர்.

வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் கழித்துக் கொடுத்திருக்கிறார்கள்! கப்பலில் தனிக் கட்டண உணவகம் என்பது இன்று நேற்று வந்ததல்ல. 1905-இல் கடலில் இறங்கிய 'அமெரிக்கா' என்ற ஜெர்மானியக் கப்பலில் 'ரிட்ஸ்-கார்ல்ட்டன்' என்ற பெயரில் அப்படி ஓர் உணவகம் வைத்தார்கள். 1912-இல் மூழ்கிப்போன டைட்டானிக்கிலும் ஒன்று இருந்தது. முதல் வகுப்புப் பயணி, "எல்லா வேளையும் நான் அங்கேயே சாப்பிட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னால் டிக்கெட்டில் தள்ளுபடி உண்டு. எங்கள் கப்பலில் கழிவு ஒன்றும் கிடையாது. ஒரே பசிக்கு இரண்டு தரம் காசு.

இப்படிக் கணக்காகப் பார்த்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு முடியவில்லை.

அந்த இத்தாலிய உணவகத்துக்குக் கண்ணாடிச் சுவர். எங்கள் அறைக்குப் போகும் வழியிலேயே இருந்தது. உள்ளே சின்னச் சின்ன மேஜைகள். சத்தமில்லை, அவசரமில்லை. நம் வயதுக்காரி ஒருத்தி கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு தன் வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நின்று பார்த்துவிட்டேன். கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் இவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு சாப்பாட்டை முதலிலிருந்து கடைசி வரை சாப்பிட்டதுண்டா? யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. தோசை வார்க்கும்போது நான் அடுப்படியில். இவர் சாப்பிடும்போது நான் நின்றுகொண்டு. நான் சாப்பிடும்போது இவர் செய்தித்தாளோடு.

கப்பலிலும் அதே கதைதான். பஃபேயில் மகனுக்கு நூடுல்ஸ் எடுத்து, மகளுக்குப் பழம் நறுக்கி, அத்தைக்குச் சர்க்கரையில்லாத பலகாரம் எதுவென்று விசாரித்து வருவதற்குள் என் தட்டு ஆறிவிடும். வீட்டில் சமைக்கிற வேலை மட்டும்தான் குறைந்ததே தவிர, பரிமாறுகிற வேலை கூடவே கப்பலேறி வந்துவிட்டது.

ஆனால் வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். 15,000 ரூபாய் என்றால் மகளின் டியூஷனுக்குப் பாதி வருடம் வரும். கேட்பது நியாயமா என்று நானே என்னை அதட்டிக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பினாங்கு. ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் நின்றது. அங்கிருந்து நடந்தே போகலாம் லிட்டில் இந்தியாவுக்கு. பூக்கடை, பாத்திரக்கடை, ஸ்பீக்கரில் தமிழ்ப் பாட்டு! 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, சைவ ஹோட்டல் ஒன்றில் வாழையிலை போட்டுச் சாப்பிட்டோம். அத்தை ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, "இதுக்குத்தான் துட்டு குடுக்கணும்" என்றார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு, கப்பலில் ஒருவர் சாப்பிடக் கேட்டதில் பாதிகூட ஐந்து பேருக்கும் சேர்த்து ஆகவில்லை.

அன்று ராத்திரி கப்பலுக்குத் திரும்பியதும் ஒரு நல்ல காரியம் செய்தேன். கீழ்க்கூடத்து ஹெட் வெயிட்டரிடம், "எங்களுக்குச் சைவம். நாளைக்கு இந்தியச் சாப்பாடு கிடைக்குமா?" என்று கேட்டேன். "முதல் நாளே சொல்லிவிட்டால் போதும் மேடம், தினமும் செய்து தருகிறோம்" என்றார். காசு? ஒன்றுமில்லை. மறுநாள் பருப்பு, சோறு, காய்கறிக் கூட்டு, சப்பாத்தி எல்லாம் வந்துவிட்டது. அட்டையில் அச்சடித்திராத இந்தச் சாப்பாடுதான் அத்தைக்கு அமிர்தமாக இருந்தது. கேட்காவிட்டால் கிடைத்திருக்காது!

புக்கெட்டில் பட்டாங் கடற்கரைக்குச் சின்னப் படகில் ஏறிப் போய் வந்தோம். திரும்பி வரும்போது அந்தக் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் என் நடை தானாக மெதுவானதை அத்தை கவனித்திருக்கிறார்கள். அறைக்கு வந்ததும் மகனிடம் சொன்னார்கள்: "ஏல, நாளைக்கு நீயும் அவளும் மட்டும் அங்க போயிட்டு வாங்க. நானும் பிள்ளைகளும் எப்பவும் போல ஆறு மணிக்குச் சாப்பிட்டுக்கிடுதோம். பச்சத் தண்ணியக் குடிச்சாக்கூடச் சரி, உக்காந்து குடிச்சிட்டு வரட்டும் அவ."

எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது. இவர் என்னையே பார்த்தார். "போகணும்னு இருந்தா சொல்றதுக்கென்ன?" என்றார். என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்!

இரண்டு பேர் மட்டும் என்றால் சேவைக் கட்டணத்தோடு 94 டாலர் சொச்சம், 8,000 ரூபாய். பினாங்கில் வாங்குவதாக இருந்த பட்டுத் துணியை நான் ஏற்கெனவே வேண்டாமென்று விட்டிருந்தேன். அந்தக் காசு இதற்கு என்று வைத்துக்கொண்டோம்.

நான்காம் நாள், கடல்நாள். ஏழரை மணிக்குப் போனோம். ஜன்னலோர மேஜை. வெளியே மலாக்கா ஜலசந்தி இருட்டாக இருந்தது. தூரத்தில் சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தன. இவர் தண்ணீர்த் தம்ளரைப் பார்த்ததுமே என் கை தானாகக் குவளையைத் தேடியது. அதற்குள் பரிமாறுகிற பையன் வந்து ஊற்றிவிட்டான். "உக்காரு, யாரும் உன்னைக் கூப்பிடல" என்று சிரித்தார் இவர்.

சாப்பாட்டைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். தக்காளி சூப் நன்றாக இருந்தது. காளான் போட்ட 'ரிசோட்டோ' நம் வெண்பொங்கலுக்குத் தூரத்துச் சொந்தம். பார்மேசான் சீஸ் தூவட்டுமா என்று கேட்டான், வேண்டாமென்றோம். அதை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள் என்று தம்பி சொல்லி அனுப்பியிருந்தான். அட்டையில் பாதி இறைச்சியும் மீனும். கொடுத்த காசில் பாதிக்கு நாங்கள் சாப்பிடவே இல்லை. ருசிக்கென்று மட்டும் போனால், சைவக்காரர்களுக்கு இது நஷ்டம்தான்.

கடைசியில் இனிப்பு வந்தது. இவர் தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டார். இனிப்பென்றால் உயிரை விடுகிறவர்! "என்னங்க?" என்றேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "கிளம்புறதுக்கு முன்னாடி ஆபீஸ்ல ரத்தப் பரிசோதனை பண்ணாங்க. மூணு மாச சர்க்கரை 6.2. பயணத்தைக் கெடுக்க வேண்டாம்னு சொல்லல."

5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் எல்லைக்கோடு, 6.5 தொட்டால் சர்க்கரை வியாதி. அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிற எனக்கு இது தெரியாதா? அவருக்கும் அம்மாவைப் பார்த்துப் பார்த்து வந்த பயம். மூன்று வாரமாக அதை மனசிலேயே சுமந்திருக்கிறார். வீட்டில் எந்த வேளையில் இதைச் சொல்லியிருப்பார்? நான் எங்கே உட்கார்ந்தேன்?

ஒன்றரை மணி நேரம் பேசினோம். எல்லைக்கோட்டில் இருந்தால் திரும்பி வர வழி உண்டு. நடை, எடைக்குறைப்பு, ராத்திரிச் சோற்றை அளவாக்குவது. ஊருக்குப் போனதும் டாக்டரைப் பார்ப்பதென்று முடிவு செய்தோம். எழுந்து வரும்போது இவர் முகம் தெளிந்திருந்தது.

அறைக்கு வந்தால் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் ஒரே சிரிப்பு. கீழ்க்கூடத்தில் இவர்களுக்காகவே அப்பளம் பொரித்துத் தந்தார்களாம். "எங்க சாப்பாடுதான் ஒசத்தி" என்றாள் மகள். உண்மைதான்! ருசியில் இலவசப் பந்திதான் ஜெயித்தது. நாங்கள் காசு கொடுத்து வாங்கியது சாப்பாட்டை அல்ல, உட்காருவதை.

கப்பலேறும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்:

* டிக்கெட்டில் சேர்ந்த கூடத்தில் ஒரு ராத்திரியாவது சாப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். முதல் நாள் தள்ளுபடிக்கு மயங்க வேண்டாம். போவதென்று வீட்டிலேயே முடிவாகியிருந்தால், புறப்படும் முன் இணையத்தில் பதிவு செய்வது பெரும்பாலும் மலிவு.

* அச்சடித்த விலையோடு சேவைக் கட்டணத்தையும் கூட்டுங்கள். ரத்து செய்யக் கெடு எப்போது என்றும் கேளுங்கள்.

* சைவமென்றால் உணவுப் பட்டியலை முதலில் வாங்கிப் பாருங்கள். மாட்டிறைச்சி வறுவலுக்குப் பேர்போன உணவகத்தில் நமக்கு வேலையில்லை. ஜப்பானிய சூப்பில் பெரும்பாலும் மீன்சாறு இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஊர் சுற்றி அலுத்து வரும் நாளில் பதிவு செய்யாதீர்கள். கடல்நாளே உகந்தது. சில கப்பல்களில் அன்று மதியம் விலை குறைவு.

* சின்னக் குழந்தைகள் இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார மாட்டார்கள். பார்த்துக்கொள்ள ஆளிருந்தால் மட்டும் போங்கள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். ஞாயிறு ராத்திரி பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் முன்னாலேயே போட்டுவிட்டு, இவரும் நானும் கடைசிப் பந்தியாகச் சேர்ந்து உட்காருகிறோம். கேழ்வரகு தோசையும் சட்னியும்தான். எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன், நடுவில் எழுந்திருப்பதில்லை. இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது!