உலக்கையும் ஒரு சொற்பொழிவும்

நோட்டீஸ் போர்டில், பல்கலைக்கழகத்தில் சிறுதானியம் பற்றிச் சிறப்புச் சொற்பொழிவு, அனைவரும் வருக என்று ஒட்டியிருக்கிறார்கள். நான் கொல்லிமலைக்காரன். நம்ம சாமைக்கு மேடையா என்று நின்று படித்தேன்.

எங்க மலையில் சாமை குறைந்து மரவள்ளி ஏறியதற்கு, கீழே சேகோ ஆலைகள் தந்த காசு ஒரு காரணம். இன்னொன்று உலக்கை! சாமை உமி லேசில் விடாது. வீட்டில் நாலு பேர் சாப்பிட அம்மா கை காய்க்கக் குத்தணும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் மலைக்கு வந்தது. விதை வங்கியோடு நிற்காமல், பின்னால் உமி நீக்கும் சிறு மெஷின்களையும் ஊர்களில் வைத்தது. விதையை மட்டும் காப்பாற்றி உலக்கையை அப்படியே விட்டிருந்தால் யார்தான் விதைப்பார்கள்?

ஆகவே நண்பர்களே, சொற்பொழிவுக்குப் போனால் சத்துப் பட்டியலோடு திரும்பிவிடாதீர்கள். மெஷினில் நொய் விழுவதை எப்படிக் குறைப்பது என்று கேளுங்கள். (மெக்கானிக்கல் பசங்களுக்கு இதைவிட நல்ல ப்ராஜெக்ட் ஏது?)

ஆடி 17, 18இல் செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் வாங்க. 70 கொண்டை ஊசி வளைவு, எலுமிச்சம்பழம் எடுத்துக்குங்க! வில்வித்தைப் போட்டி பார்த்த கையோடு அரவை மெஷின் உள்ள ஊருக்கு நானே கூட்டிப்போறேன். சல்லடையில் எவ்வளவு நொய் விழுதுன்னு நீங்களே பார்க்கலாம்.