மரத்திலிருந்து இறங்கியவர்கள்



ஐதராபாத்தில் வந்து குடியேறிய நம்மில் அநேகர், ஊரிலிருந்து வரும் உறவினருக்குச் சார்மினாரையும் சாலார் ஜங் அருங்காட்சியகத்தையும் காட்டியிருப்போம். அடுத்த முறை செல்லும்போது மூசி ஆற்றைக் கடந்து, வடகரையில் அப்சல்கஞ்சிலுள்ள உஸ்மானியா மருத்துவமனை வளாகத்திலும் சற்று நில்லுங்கள். அங்கே முதிர்ந்த புளியமரம் ஒன்று உண்டு. அதன் நிழலில் நின்று உங்கள் நாட்களை எண்ணிப் பாருங்கள்.

1908-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி, பெருமழையினால் ஏரிகள் பல உடைந்து, மூசி நகருக்குள் புகுந்தது. மாண்டவர்கள் ஏறத்தாழ 15,000 பேர் என்பர். அன்று இந்தப் புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு 150-க்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்தனர். முந்தின இரவு நாளையைக் குறித்துத் திட்டமிட்டுப் படுத்தவர்கள்தாம் அவர்கள் அனைவரும்.

மரத்தில் ஏறியவர்கள் நீதிமான்கள், ஆற்றோடு போனவர்கள் பாவிகள் என்று நாம் சொல்லத் துணியலாகாது. சீலோவாமிலே கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அப்படிப்பட்ட எண்ணத்தை நம் ஆண்டவரே கண்டித்தார் (லூக்கா 13). ஏன் அவர்கள் போனார்கள் என்பதற்கு நம்மிடம் விடையில்லை. பிழைத்தவர்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு: மீந்திருக்கிற நாட்கள் எதற்காக?

உருதுக் கவிஞர் அம்ஜத் ஐதராபாதி அந்த வெள்ளத்தில் தாயையும் மனைவியையும் மகளையும் ஒருங்கே இழந்தார். தாம் மட்டும் தப்பினார். அதன்பின் 1961 வரை அவர் வாழ்ந்தார். நாலடிப் பாடல்களால் உருது இலக்கியத்தில் நிலைத்த பெயர் பெற்றார். துக்கம் அவர் வாயை அடைத்துவிடவில்லை.

அன்று ஆண்ட நிஜாம் மீர் மஹபூப் அலி கான், இத்தகைய அழிவு மீண்டும் வராதிருக்க வழிகாணப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தார். நகருக்கு மேற்புறத்தில் நீர்த்தேக்கங்கள் கட்டி வெள்ளத்தைத் தடுக்கவேண்டும் என்பது அவருடைய ஆலோசனை. அவ்விதமே 1920-ல் உஸ்மான் சாகரும், 1927-ல் ஹிமாயத் சாகரும் எழும்பின. நிஜாமோ 1911-லேயே, தமது 45-ம் வயதில் காலமானார். அந்த ஏரிகளை அவர் காணவில்லை. விஸ்வேஸ்வரய்யா நூறு வயதைத் தாண்டி வாழ்ந்தார். ஒருவருக்குக் குறுகிய ஆயுசு, மற்றவருக்கு நீண்ட ஆயுசு. ஆனால் தாகமுள்ள நகரம் அந்த ஏரிகளின் தண்ணீரைக் குடிக்கும்போது, யார் எத்தனை வருஷம் வாழ்ந்தார் என்று கேட்கிறதில்லை.

அன்பானவர்களே, வாடகை வீடும், இரவுப் பணியும், ஊருக்கு அனுப்பும் பணமுமாக வருஷங்கள் ஓடிவிட்டன என்று பெருமூச்சு விடுகிறீர்களா? மருத்துவரின் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் என்று கலங்குகிறீர்களா? நாட்களை எண்ணக் கற்றுத்தரும்படி மோசே ஜெபித்தது பயத்தினால் அல்ல, ஞானமுள்ள இருதயத்துக்காகவே (சங்கீதம் 90). சகேயு மரத்தில் ஏறினது இயேசுவைப் பார்க்க. இறங்கினபின்போ தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்க முன்வந்தான். மரம் குடியிருக்கும் இடமல்ல. பிழைத்தவன் இறங்கவேண்டும், சேறு நிறைந்த தெருவிலே தன் அயலானைத் தேடவேண்டும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். நெடுநாளாய்ப் பேசாத சகோதரனிடம் பேசுங்கள். அல்லது, துணைக்கு ஆளில்லாமல் மருத்துவமனையில் கிடக்கும் ஒருவருக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து, அருகே அமர்ந்து ஜெபியுங்கள். நித்தியத்தை நம்புகிறவனுக்கு நாள் குறுகினதென்று அவசரமும் இல்லை. நாள் மிகுதியென்று அசதியும் இல்லை.

நம்மை இந்நாள்மட்டும் தாங்கிப் பிடித்த கர்த்தர், நாம் இறங்கி நடக்கும் வழியிலும் நம்மோடிருப்பாராக. ஆமென்.